பொன்னுலிங்கத்தின் ஆணி

மரம் அறுக்கும் மில்லை நம்பியிருந்த அந்த ஊரில் இன்று ஒரு வீட்டைத் தவிர எதற்கும் கதவில்லை. ஒருநாள் மரம் அறுக்கையில் ரம்பத்தின் பல் தெறித்தது. உள்ளே முடி சுற்றிய ஓர் ஆணி. எப்போதோ யாருக்கோ பேய் ஓட்டி மரத்தில் அடித்தது என்றார்கள். அதே மரத்தின் மற்ற துண்டுகள் அதற்குள் பலகையாகி, தொழிலாளர் வீடுகளில் கதவாகியிருந்தன. எந்தெந்த வீடு என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பக்கத்து வீட்டுக் கதவை முறைத்தார்கள். என் தம்பி இறந்தபோது எங்கள் கதவைக் கைகாட்டினார்கள். அம்மா சாகும்வரை அதை நம்பினாள். கடைசியில் எல்லோரும் கதவுகளைக் கழற்றி மில் வாசலில் போட்டுவிட்டு ஊரைவிட்டே போனோம். இப்போது அந்த வாசலில் ஒரு மரச் சிலாம்புகூட இல்லை.

ரம்பம் ஓட்டிய பொன்னுலிங்கம் மட்டும் போகவில்லை. ஆணியை முதலில் கண்டவரும் அவர்தான். பல வருஷம் கழித்து ஊருக்கு வந்த நான், அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டேன்.

“நீங்க மட்டும் ஏன் கதவைக் கழட்டல, மாமா?”

“இது அந்த மரமில்லம்மா.”

நான் கேட்காமலே வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஆணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது பளபளத்தது.

“துருவே இல்லையே?”

“தெனமும் எண்ணெ போட்டுத் தொடைச்சு வைக்கேன்லா.”

முடியை விலக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரம்பத்தின் பல்லைத் தெறிக்கவைத்த ஆணியில் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போதும், குடு,” என்று வாங்கி மடியில் செருகிக்கொண்டு, ஊரின் ஒரே கதவைச் சாத்தினார்.