ஒற்றை ஈர்க்கு

விளக்குமாற்றிலிருந்து ஒரே ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டாள்.

விளக்குமாற்றைக் கொட்டகைக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். அது இன்று யார் கண்ணிலும் படக்கூடாது. மேலாளர் உலகநாதன் நேற்றே சொல்லிவிட்டார்.

"நாளைக்கு மொத ஹைட்ரஜன் விமானம் கெளம்புது. நல்ல காரியம். நீங்க வெளக்கமாத்தத் தூக்கிட்டு எதுக்க வர வேண்டாம்மா."

விளக்குமாற்றைத்தான் சொன்னார். அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தபடி சொன்னார்.

ஊருக்கு வெளியே சின்ன விமான நிலையம். ஒரே ஓடுபாதை. வாசலில் புதுப் பலகை: புகையில்லா விமான நிலையம். இனிமேல் விமானத்துக்கு எண்ணெய் கிடையாது, ஹைட்ரஜன் வாயுதான். பழைய எண்ணெய்த் தொட்டியைப் போன வருடமே தோண்டி எடுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

புகை இல்லை என்பது மெய்தான். வாடையும் இல்லை. பகல் வெயிலில் அதன் தீ கண்ணுக்கும் தெரியாது.

அதற்குத்தான் விளக்குமாறு. வாயுவை நிரப்புமுன் ஒருவர் அதை நீளக் கம்பில் கட்டி, முன்னால் நீட்டிக்கொண்டு குழாய் நெடுக நடக்க வேண்டும். எங்கேனும் கசிந்து எரிந்தால் முதலில் விளக்குமாறு பற்றும். ஆள் பிழைத்துக்கொள்வார். அத்தனை வெளிநாட்டு இயந்திரங்களுக்கு நடுவே சந்தையில் வாங்கிய விளக்குமாறு.

அந்த விதி கொம்பையா செத்த பிறகு வந்தது.

கொம்பையா அவள் புருஷன். பதினெட்டு வருடம் விமானத்துக்கு எண்ணெய் நிரப்பியவன். மண்ணெண்ணெய்க்கு அக்காள் மாதிரி ஒரு வாடை அவன் மேல் இருக்கும். குளித்தாலும் போகாது. தலையணையில் இருக்கும், சோற்றுத் தட்டில் இருக்கும். கசிவு உண்டா என்று அவன் கருவி வைத்துப் பார்த்ததில்லை. நின்று ஒரு தடவை மோந்து பார்ப்பான். பிறகு நடப்பான்.

கேட்டால் சிரிப்பான்.

"மூக்கு இருக்குல்லா."

வாயுவைச் சோதித்த அன்றும் மூன்றாவது வால்வருகே நின்றான். மோந்து பார்த்தான். ஒன்றுமில்லை.

நடந்தான்.

எதில் பற்றி எரிகிறான் என்றே யாருக்கும் தெரியவில்லையாம்.

அவளுக்குக் கருணை அடிப்படையில் வேலை. தாளில் அப்படித்தான் போட்டிருந்தது.

வீட்டில் அந்த வாடை போயேபோய்விட்டது. அவன் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்துவிட்டாள். சோப்பு வாசம்தான். அவன் மேல் அவளுக்கு ஆத்திரம். மூக்கை நம்பி நெருப்புக்குள் போனவன் மேல் வராமல் வேறு யார் மேல் வரும்?

சோதனைக்காகத் தினமும் வாயு நிரப்புமுன் விளக்குமாற்றோடு நடப்பது அவள்தான். மூன்றாவது வால்வை நெருங்கும்போது, விளக்குமாறு பற்றிவிடக்கூடாது என்று வேண்டிக்கொள்வாள். பற்றினால் அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான் என்றும் நினைத்துக்கொள்வாள்.

மேளம் கொட்டியது.

பத்தொன்பது பயணிகள் மாலையும் கழுத்துமாக நின்றார்கள். குருக்கள் விமானத்துக்குச் சந்தனம் அப்பினார்.

தீயைக் கண்டால் அலறும் கருவி ஒன்று கம்பத்தில் இருந்தது. ஆயுதபூஜையன்று சூடத்தைப் பார்த்து அது ஊளையிட, தீயணைப்பு வண்டி பறந்து வந்து குருக்களைத் தேங்காய் பழத்தோடு நனைத்துவிட்டது. ஆகவே இன்று முன்கூட்டியே கருவியை அணைத்து வைத்திருந்தார்கள்.

மீதியைச் சாமி பார்த்துக்கொள்ளும். எல்லாரும் கைகூப்பி நின்றார்கள்.

அவள் கூட்டத்துக்குப் பின்னாலேயே நழுவிக் குழாயடிக்கு வந்தாள். ஈர்க்கை நீட்டினாள். முழ நீளம்தான் இருந்தது.

முதல் வால்வு. ஒன்றுமில்லை.

இரண்டாவது. ஒன்றுமில்லை.

மூன்றாவதை நெருங்கி, அடுத்த காலைத் தூக்கினாள்.

அப்போது அந்த வாடை வந்தது.

மண்ணெண்ணெய்க்கு அக்காள்.

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. சுற்றிப் பார்த்தாள். வெயில். சிமெண்டுத் தரை. ஆள் யாரும் இல்லை. தொட்டி இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது.

வாடை அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

உயிரோடு இருந்தவரை எங்கே போனாலும் அவன்தான் முன்னால் நடப்பான்.

காலைப் பின்னால் வைத்தாள். கையை மட்டும் எட்டும் வரை நீட்டினாள்.

ஈர்க்கின் நுனி சிவந்தது. பிறகு கறுத்துச் சுருண்டது.

அவள் திரும்பி ஓடினாள். வாயுவை அடைக்கும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். மேளம் பாதியில் நின்றது. பயணிகளை மாலையோடு வேலிக்கு அப்பால் விரட்டினார்கள். விமானம் சந்தனப் பொட்டோடு தனியே நின்றது.

உலகநாதன் வந்தார். கரிந்த ஈர்க்கைக் கையில் வாங்கினார். இன்னும் ஓர் எட்டு வைத்திருந்தால் அவள் கை உள்ளே போயிருக்கும் என்பது அவருக்குப் புரிந்தது.

"இத்தனூண்டு குச்சிய வச்சிக்கிட்டு... சரியா அந்த எடத்துல எப்படிம்மா நின்னீங்க?"

அவள் விரலில் ஒட்டிய கரியைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"மூக்கு இருக்குல்லா."

அவர் மோந்து பார்த்தார். சூடமும் சந்தனமும்தான்.

அவள் விளக்குமாற்றை எடுக்கக் கொட்டகையைப் பார்த்து நடந்தாள். வாடை இரண்டு எட்டு பின்னால் வந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவான்.