கடைக்கு ஒரு சொல்

வெள்ளவத்தைத் துணிக்கடையின் கண்ணாடிக் கதவில் டக்கென்று ஒரு வெள்ளைக் கோல் இடித்தது. ஸாலிஹ் நிமிர்ந்து பார்த்தார். பார்வையற்ற பெண் ஒருத்தி, ஓட்டை போட்ட அட்டையால் மூடிய போனை அவர் பக்கம் நீட்டினாள்.

"நானா, இந்த ஓட்டைக்குள்ள தெரியிற சொல்லை மட்டும் ஒருக்கா வாசியுங்கோ."

"மேங்கோ."

நன்றி சொன்னவள், அட்டையைச் சற்று நகர்த்திக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்குப் போனாள். அங்கேயும் ஒரே ஒரு சொல். அடுத்தது பேக்கரி. ஸாலிஹுக்குச் சந்தேகம் தட்டியது. பேக்கரி வாசலிலேயே அவளை மறித்தார்.

"தங்கச்சி, கடை கடையா என்னத்த வாசிக்க வெக்கிறீங்க? புது ஏமாத்து வேலையா?"

"நான் பாட்டுப் போடுற இணையத்தளத்தில திறந்த புதுக் கணக்கின்ர இரகசியச் சொல்லுகள், நானா. பன்னிரண்டையும் படமாத்தான் காட்டுது. எழுத்தை வாசிச்சுச் சொல்லுற என்ர போனுக்குப் படத்தை வாசிக்கத் தெரியாது. முறையிட அந்தத் தளத்துக்கு முதலாளியும் இல்லை, ஒப்பீசும் இல்லை. பன்னிரண்டும் தெரிஞ்ச ஆளுக்குத்தான் கணக்குச் சொந்தம்."

"அப்ப வீட்டு ஆக்கள்ட்ட கேக்கலாமே! ரோட்டுல இரிக்கிற எங்களையா நம்புறீங்க?"

"பழைய கணக்கை ஆரோ பறிச்சிட்டினம். நான் பாடிப் பதிஞ்ச முன்னூறு பாட்டும் போச்சு. அந்தக் கணக்கின்ர பன்னிரண்டு சொல்லையும் வாசிச்சுத் தந்தது என்ர சொந்த அண்ணா."