பழசுக்குப் புதுசு

வீட்டுப் பழசைக் கொடுத்தால் புது போன் தருவதாகச் சொன்னது ஆப். ஒரு மாதமாக அவள் ஏறெடுத்தும் பார்க்காதவற்றை அதுவே பட்டியல் போட்டது. பதினேழு வயதுக்காரி அதையெல்லாம் எங்கே படித்தாள். எல்லாவற்றுக்கும் சேர்த்து 'சரி' தட்டிவிட்டாள். மறுநாள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். போனும் வந்தது.

அப்பாவைக் காணோம் என்பது நான்காம் நாள்தான் அவளுக்கு உறைத்தது.

ஐந்தாம் நாள் காலை அவரே திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போலத் தண்ணீர் குடித்தார். பின்கழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: 'பழுதில்லை. எடுக்க ஆளில்லை.'

கூசிப்போய் அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அடியில் அதேபோல் இன்னொன்று இருந்தது. அதில் போன வருடம் அவள் போன் மாற்றிய தேதி.

"விடும்மா," என்றார் அப்பா. "இந்த போனாவது நல்லா இருக்கா?"