மாடு யாருக்கு?

“இந்த மாசம் முழுக்க நம்ம விடுதியில ஒரு இஸ்திரிப் பெட்டிகூட சூடாகக் கூடாது. சொல்லிட்டேன்.”

கிழக்கு விடுதியின் சேர்மன் அனியேகன் படிக்கட்டில் நின்று சொன்னான். கீழே நின்ற பையன்கள் முணுமுணுத்தார்கள்.

பல்கலைக்கழகத்தின் கரியமில வாயுவைக் குறைத்தே தீருவேன் என்று பேராசிரியர் எபியெரே அம்மையார் கிளம்பியிருந்தார். கிழக்கு, மேற்கு இரண்டு ஆண்கள் விடுதியிலும் புது மீட்டர் மாட்டிவிட்டார். மின்சாரத்தை அதிகம் குறைக்கும் விடுதிக்குப் பரிசு, கலபார் நகரச் சந்தையிலேயே பெரிய மாடு. அனியேகனுக்கு வாய் சும்மா இருக்குமா? மாடு வராவிட்டால் பதவியை விட்டுவிடுகிறேன் என்று சவால் வேறு விட்டுத் தொலைத்திருந்தான்.

“கசங்கின சட்டையோட சர்ச்சுக்குப் போனா என் ஆளு திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா, சேர்மன்” என்றான் உபோங்.

“தேய்க்காதேன்னு யாருடா சொன்னா? இங்க தேய்க்காதேன்னுதான் சொன்னேன். மேற்கு விடுதிக்காரங்க எத்தனை மணி ஆராதனைக்குப் போறாங்க?”

“ஏழு மணிக்கு.”

“நாம?”

“ரெண்டாவது ஆராதனைக்கு. பத்து மணி.” உபோங்கின் முகம் மெல்ல மலர்ந்தது. “சேர்மன், நீ சாதாரண ஆளு இல்ல.”

ஞாயிறுதோறும் மேற்கு விடுதி காலியானதும், கிழக்குப் பையன்கள் இஸ்திரிப் பெட்டிகளோடு பின்வாசல் வழியாக அங்கே புகுந்தார்கள். அடுத்தவன் மீட்டர்தானே? சட்டை முடிந்து போர்வை, போர்வை முடிந்து ஜன்னல் திரை. உபோங் காலுறையைக்கூட விடவில்லை. பிறகு மொடமொடவென்று போய் முன்வரிசையில் உட்கார்ந்து பாடினார்கள்.

மாதக் கடைசியில் இரண்டு விடுதியும் மைதானத்தில் கூடின. மாடு மாமரத்தடியில் புல் மென்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அனியேகனுக்கு நாக்கு ஊறியது.

“மேற்கு விடுதி குறைக்கல. இருபது சதவீதம் கூட்டியிருக்கு” என்றார் பேராசிரியர்.

மேற்கு விடுதி சேர்மன் ஓசாஸே திகைத்துப் போனான். அனியேகன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

“கிழக்கு விடுதி, நாப்பது சதவீதம் கூட்டியிருக்கு.”

அனியேகனுக்குத் தலை சுற்றியது. “இருக்கவே முடியாது, மேடம். நாங்க விளக்கைக்கூட அளந்துதான் போட்டோம்.”

“மீட்டர் மணிவாரியா காட்டுதுப்பா. ஞாயித்துக்கிழமை பத்துலேருந்து பன்னண்டு வரைக்கும்தான் எகிறியிருக்கு.”

“அந்த நேரத்துல நாங்க மொத்தப் பேரும் சர்ச்சுல இருந்தோமே, மேடம்.”

ஓசாஸே தலையைச் சொறிந்தபடி முன்னால் வந்தான். “அது தெரிஞ்சுதானே அனியேகன், வாராவாரம் எங்க விடுதி மொத்தத்துக்கும் ஜொலோஃப் சோறு உங்க கரண்ட் அடுப்புல வச்சு ஆக்கினோம்.”