சுஜா அக்காவுக்கு அனுப்பிய சத்தம்

ஜன்னல் வெயில் தையல் மிஷினின் கறுப்பு உடம்பில் பளபளக்கிறது. மாலைக் கல்யாணத்துக்குத் தர வேண்டிய ரவிக்கை அம்மாவின் மடியில் பாதியில் கிடக்கிறது. காலையில் ஊசி மாற்றியதிலிருந்து தையல் விட்டு விட்டு விழுந்தது. வாட்ஸ்அப் தையல் குழுவில் வணக்கம் சொல்லி, படம் போட்டு, செய்து பார்த்ததையெல்லாம் எழுதிக் கேட்டிருந்தேன். முகம் தெரியாத சுஜா அக்காவிடமிருந்து இப்போது பதில் வந்திருக்கிறது: “ஊசியத் திருப்பிப் போட்டிருக்கீங்கம்மா.” அம்மா ஊசியைச் சரியாக மாட்டி, துண்டுத் துணியில் ஓட்டிப் பார்க்கிறாள். ஒரு தையல்கூட விடவில்லை. துணியை வெயிலில் பிடித்தபடி பெருமூச்சு விடுகிறாள். நான் செல்லைக் கீழே வைக்கிறேன்.

“இன்னாடி, வேல முடிஞ்சதும் கம்முனு குந்திகினு கீற? பாவம், இன்னா ஆச்சோனு அந்தப் பொண்ணு பாத்துகினு இருப்பா. வாயத் தொறந்து சொல்லு.”

குரல் பதிவை அழுத்துகிறேன். “அக்கா, ரொம்ப நன்றி” என்று சொல்லிவிட்டு, செல்லை மிஷின் பக்கம் நீட்டுகிறேன். அம்மா சிரித்துக்கொண்டே ரவிக்கையை வைத்து மிதிக்கிறாள். தெருவில் போகும் டேங்கர் லாரியின் ஹாரனையும் மீறி மிஷின் கடகடவென்று ஓடுகிறது. அதை அப்படியே அனுப்புகிறேன்.

உடனே சுஜா அக்காவின் குரல் வருகிறது: “ஓடுதா! அப்பாடா. இனிமேதாம்மா எனக்குச் சோறு இறங்கும்.”