பதினாலாம் அறை, பகல் ஒரு மணி

"பூனை எங்கடா?"

பாஸ் கேட்டபோது மணி ஒன்று ஐந்து. கம்ப்யூட்டர் லேப் மூலையில் மூன்று நாற்காலிகளில் ஆள் இருந்தது. நாலாவது காலி.

"புதன்கிழமை ஆச்சே" என்றான் சோடாபுட்டி. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கல்லூரியில் எந்த மூலையில் என்ன நிகழ்ச்சி நடக்கிறது என்று காட்டும் ஆப். பாஸ் தலைமையில் நாலு பேர் சேர்ந்து செய்யும் கடைசி வருட புராஜெக்ட். வெள்ளிக்கிழமை கல்லூரி முதல்வரே மேடையில் தொடங்கி வைக்கப்போகிறார். இந்த நேரத்தில் ஒருத்தி காணாமல் போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

சத்தமே இல்லாமல் வருவாள், சத்தமே இல்லாமல் போவாள். அதனால்தான் அவளுக்குப் பூனை என்று பெயர். ஏழு புதனாக இதே கதை. டாண் என்று ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நழுவினால், திரும்ப இரண்டாகிவிடும். போனையும் எடுக்க மாட்டாள். மற்ற மூன்று பேரும் ஒரு கையால் சாப்பிட்டு, ஒரு கையால் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

அன்று அவள் உள்ளே வந்ததும் பாஸ் எழுந்து நின்றான்.

"நாங்க மாடு மாதிரி உழைக்கிறோம். உனக்கு மட்டும் ஒரு மணி நேரம் சாவகாசமா சாப்பாடு. அப்படி எங்கதான் போற?"

"என் வேலையை எல்லாம் முடிச்சிட்டுத்தானே போறேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சொல்ல முடியாது பாஸ்."

"அப்ப வெள்ளிக்கிழமை மேடையில உன் பேரும் இருக்காது."

பூனையின் முகம் செத்துவிட்டது. அவள் அப்பா பஸ் டிரைவர். மகள் பெயரை மேடையில் கூப்பிடுவதைக் கேட்க வேண்டும் என்று பத்து நாள் முன்பே லீவு எழுதிக் கொடுத்தவர். அது அந்த லேபில் எல்லோருக்கும் தெரியும், பாஸுக்கும் தெரியும்.



"சரி, எடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திமிரைப் பார் என்றான் பாஸ். மற்ற இரண்டு பேரும் கீபோர்டுக்குத் திரும்பினார்கள். பாஸை எதிர்த்துப் பேசி அவர்களுக்குப் பழக்கமில்லை.

வியாழக்கிழமை மாலைக்குள் மூன்று பெயர்களோடு அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. லீவை ரத்து பண்ணச் சொல்லி பூனை அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டாளாம். சோடாபுட்டி மெல்ல எடுத்துச் சொன்னான். பாஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'இனி நம் கல்லூரியில் யாரும் தனியாக இல்லை' என்று மேடையில் பேசவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே, கடைசி வேலையாக ஆப்பைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தான்.

ஆரம்பத்தில் சோதனைக்காக வாய்க்கு வந்த நிகழ்ச்சிகளை எல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். கேன்டீனில் பேய் நடனம். மொட்டை மாடியில் நீச்சல் போட்டி. எல்லாம் பாஸின் குறும்பு. சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக அழித்தான்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. அதுவும் அவன் போட்டதுதான்.

'தனியாகச் சாப்பிடுவோர் சங்கம். பதினாலாம் அறை. புதன்தோறும் பகல் ஒரு மணி.'

சோதனை நிகழ்ச்சிகள் வெளியே தெரியாதபடி மறைத்து வைக்க ஒரு கட்டம் உண்டு. மற்றவற்றுக்கெல்லாம் அதில் டிக் போட்டவன், இதற்கு மட்டும் மறந்திருந்தான். முயற்சி பண்ணிப் பார்க்கச் சொல்லி முதல் வருட மாணவர்களுக்கு ஆப்பைக் கொடுத்து எட்டு வாரம் ஆகிறது. அவர்கள் போனில் எல்லாம் இது தெரிந்திருக்கிறது.

'வருகிறேன்' என்று பதிவு செய்திருந்தது ஒரே ஒரு பெண். விடுதியில் இருக்கும் முதல் வருடம்.

பாஸ் திரையை மேலே தள்ளினான். கீழே அவள் எழுதிய கருத்துகள் இருந்தன. கருத்துகளைப் படிப்பது பூனையின் வேலை. மற்றவர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

முதல் வாரம் எழுதியிருந்தாள்: 'யாருமே வரல. முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தேன். சாப்பிடப் பிடிக்கல. டப்பாவைத் திறக்காமலே எடுத்துட்டு வந்துட்டேன். இந்தக் காலேஜ்ல எனக்கு யாரும் கிடைக்கமாட்டாங்க போல.'

அதற்கு அடுத்தது இரண்டாவது வாரம்.

'இன்னைக்கு ஒரு அக்கா வந்தாங்க. இந்தச் சங்கத்தை ஆரம்பிச்சதே அவங்கதானாம். போன வாரம் உடம்பு சரியில்லாம வரமுடியலன்னு, என் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டாங்க.'