குத்பாவில் எழும்பிப் போனவர்

மௌலவி ஸப்வான் மிம்பர் மேடையில் ஏறி, தொண்டையைச் செருமி, பொறுமையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அவ்வளவுதான். முன் வரிசையிலிருந்து நெய்னார் எழும்பிவிட்டார்.

குத்பா என்ற வெள்ளிக்கிழமைப் பிரசங்க நேரத்தில் பக்கத்திலிருப்பவனிடம் "பேசாதே" என்று சொல்வதுகூடக் குற்றம். ஆகவே குறிஞ்சிப்பிட்டிச் சனம் வாயைப் பூட்டிக்கொண்டு கண்ணால் ஏசியது. அந்தப் பார்வை பட்டால் காய்ந்த கருவாடு இன்னொரு முறை காயும்.

நெய்னார் அசரவில்லை. சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோள்களைத் தாண்டி, பிடரிகளைத் தாண்டி வெளியே போனார்.

பக்கத்திலிருந்த பள்ளிவாசல் தலைவர் ஜவாஹிரும் எழும்பினார். முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, விறுவிறுவென்று பின்னால் போனார். ஒழுங்கு கெட்டவனைப் பிடித்து வர வேண்டாமா?

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் முகம், கை, கால் நனைய வந்து உட்கார்ந்தார்கள். கோபம் வந்தால் கைகால் கழுவி ஒளு எடுக்க மார்க்கத்தில் சொல்லியிருக்கிறதே, தலைவர் அதையும் செய்துவிட்டு வருகிறார் என்று சனம் மெச்சியது.

ஒரு வெள்ளியா, இரண்டு வெள்ளியா? மாரிக்காலம் முழுக்க இதே கூத்து.

"மருமகன மௌலவியா எடுக்கயில்ல எண்ட கோவம்" என்றது ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு கட்சி. "தலைவர் கதிரைக்கு அடி போடுறார்" என்றது மற்றது.

அதற்குள் நோன்பு நெருங்கியது. பள்ளியில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது வாலிப வயதிலிருந்தே நெய்னார்தான். அந்த வாசம் எழும்பினால் களப்பில் நிற்கிற தோணிகள் துடுப்பு இல்லாமலே கரைக்குத் திரும்பும். நான் சொல்லவில்லை, தோணிக்காரர்கள் சத்தியம் பண்ணிச் சொன்னது. நெய்னாருக்கு வருசத்தில் அந்த ஒரு மாதம்தான் பெருநாள். மற்றதெல்லாம் அதற்கான காத்திருப்பு.

"குத்பாவ மதிக்காத கையால காய்ச்சின கஞ்சி எங்களுக்கு வேணாம்" என்று முறைப்பாடு வந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிக்குள் விசாரணை. நடுவில் தலைவர் ஜவாஹிர்.

மௌலவிதான் முதலில் கேட்டார். "நெய்னார் நானா, என்ட பயான் சரியில்லயா?"

"பயான் நல்லந்தான் மௌலவி. நீளந்தான் கொஞ்சம் கூட."

பின்னால் யாரோ சிரிக்க, மௌலவியின் காது சிவந்தது.

பாமசி நடத்துகிற ஹயாத்து முகம்மது எழும்பினார். "இது வயசாளிகள்ட வருத்தம் போல கிடக்கு. நானா, வெக்கப்படாமச் சொல்லுங்க. அடிக்கடி அவசரமா வருதா? போனா நூல் மாதிரித்தான் போகுதா? முடிஞ்ச பிறகும் முடியாத மாதிரி இரிக்கா?"

"அப்பிடி இருந்தா என்ன வருத்தம்?" என்றார் நெய்னார்.

"புரொஸ்டேட்! மூத்திரப் பைக்குக் கீழ பாக்களவு ஒரு சுரப்பி இரிக்கி. வயசு போகப் போக அது தேசிக்காய் மாதிரிப் பெருத்துக் குழாய நெரிக்கும். அனேகமாப் புற்றுநோய் இல்ல. ஆனா அத டொக்டர்தான் பாத்துச் சொல்லணும். மாத்திர இரிக்கி. வெளிய வெளிக்கிட முந்தித் தேத்தண்ணியக் குறைக்கணும். அடக்கி மட்டும் வைக்கப்படாது. ஒரு நாளைக்கு ஒரேயடியா அடைச்சிக்கும். பிறகு குழாய் போட்டுத்தான் எடுக்கணும்."

தலைவர் நிமிர்ந்தார். "குழாயா? எதுக்குள்ளால?"

ஹயாத்து முகம்மது விளக்கமாகச் சொன்னார். சபை முழுவதும் ஒரே நேரத்தில் காலை ஒடுக்கிக்கொண்டது.

"வெட்டவும் வேண்டி வருமோ?" தலைவர் விடுவதாக இல்லை.

"எல்லாருக்கும் இல்ல. நேரத்தோட காட்டினா கனபேர் மாத்திரையோடயே சமாளிக்கிறாங்க."

மௌலவியின் முகம் இளகியது. "வருத்தம் எண்டா மார்க்கத்தில அதுக்கு இடம் இரிக்கி நானா. ஓம் எண்டு ஒரு சொல் சொல்லுங்க, கதை முடிஞ்சிது. கஞ்சியும் நீங்கதான்."

நெய்னார் தாடியைத் தடவினார்.

"பள்ளிக்குள்ள பொய் சொல்லேலா மௌலவி. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. விடியச் சுபஹோட கடலுக்குப் போனா அந்தி மஃரிபுக்குக் கரைக்கு வரும் வரைக்கும் எனக்கு ஒரு அவசரமும் வராது. சுறாவுக்குக்கூட அந்தப் பொறுமை இல்ல."

சபை கொதித்தது. "அப்ப வேணுமெண்டுதான் எழும்பிப் போறீங்க?"

"ஓம். வேணுமெண்டுதான்."

அதற்கு மேல் என்ன விசாரணை? எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கதிரையில் நெளிந்தார். நெற்றியில் வேர்வை. சட்டென்று எழும்பினார்.

"இந்த நோன்புக்குக் கஞ்சி வேற ஆள். சபை கலையலாம்!"

சொல்லி முடிக்குமுன் வாசலைத் தாண்டிவிட்டார்.

"கோவத்தப் பாருங்க மனுசனுக்கு! தலைவர் எண்டா இப்பிடி இரிக்கணும்" என்றார் ஒருவர்.

நெய்னார் வெளியே வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் பின்பக்கம் நடந்தார். கக்கூஸ் கதவு சாத்தியிருந்தது. வெளியே சுவரில் சாய்ந்து நின்றார்.

உள்ளேயிருந்து ஒரு குரல் மெல்ல வந்தது.

"மச்சான்... எனக்காக எழும்பின உன்ட கையில இருந்து கஞ்சிய நானே பறிச்சிட்டன்."

"கஞ்சி கிடக்கட்டும். திங்கக்கிழம என்னோட ஆஸ்பத்திரிக்கு வாறியா, இல்லயா?"

குரல் இன்னும் தாழ்ந்தது.

"வாறன். வெளிய ஆரும் நிக்கிறாங்களா?"

"ஆரும் வந்தா ஏச்சு வாங்குறதுக்கு நான் நிக்கிறன் தலைவரே. நீ அடக்காம, ஆறுதலா முடிச்சிட்டு வா."